காலேஜ்லயே ரெண்டு நாள் செங்கல் வொர்க்‌ஷாப்: ஆர்க்கிடெக்சர் பசங்க தாங்களே நடத்துறது எப்படி

தேர்ட் இயர்ல ட்ராயிங்கைத் தூக்கிட்டு ஒரு சைட்டுக்குப் போனேன், அங்க இருந்த கொத்தனார் அதைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு "தம்பி, இந்த ஜன்னலுக்கும் மூலைக்கும் நடுவுல முழுக் கல்லும் வராது, அரைக் கல்லும் வராது, ஒன்றரை அங்குலம் தொங்கி நிக்குது, அங்க என்னத்த வைக்கச் சொல்றீங்க?"ன்னு கேட்டார். எனக்குப் பதில் தெரியல. அதுவரைக்கும் செங்கல்னா எனக்கு ஆட்டோகேட் ட்ராயிங்ல கோடு கோடா நெரப்புற ஒரு ஹேட்ச், அவ்ளோதான். அஞ்சு வருஷம், பத்து செமஸ்டர், அதுல ட்ரெயினிங் போறது தனி, இவ்ளோ இருந்தும் ஒரு செங்கல்லைக் கையில எடுத்து இன்னொரு செங்கல் மேல வைக்காமலே நம்மள்ல நெறைய பேர் டிகிரி வாங்கிடுறோம். பில்டிங் கன்ஸ்ட்ரக்‌ஷன் பேப்பர்ல இங்கிலிஷ் பாண்ட் (ஒரு வரி நீளவாக்குல, அடுத்த வரி குறுக்கவாக்குல கல் அடுக்குற முறை) வரைஞ்சு பாஸ் பண்றது வேற, அதைக் கட்டுறது வேற.

அதனால காலேஜ் சிலபஸ் மாறும்னு காத்துட்டு இருக்காதீங்க. ஒரு சனி ஞாயிறு, 15 பேர், ஒரு மேஸ்திரி, 600 கல், இது போதும். நான் ஸ்டூடண்டா இருக்கப்ப ரெண்டு தடவையும் அப்புறம் ஜூனியர் பசங்களுக்காக சில தடவையும் இதை நடத்திருக்கேன், அதுல பண்ணின தப்பு எல்லாத்தையும் சேர்த்துதான் இங்க எழுதுறேன்.

மொதல்ல ஒரு விஷயம். மார்க் கிடையாது, சர்டிஃபிகேட்டும் கிடையாதுன்னு ஆரம்பத்துலயே சொல்லிடுங்க. சர்டிஃபிகேட் உண்டுன்னு போஸ்டர் ஒட்டினா 60 பேர் வருவாங்க, அதுல 45 பேர் நெழல்ல நின்னு ஃபோட்டோ எடுப்பாங்க. இல்லன்னு சொன்னா 18 பேர்தான் வருவாங்க, ஆனா அந்த 18 பேரும் சேத்துல கால வைப்பாங்க. 18க்கு மேல போனா நீங்களே நிறுத்திடுங்க, ஒரு மேஸ்திரியால அதுக்கு மேல பாத்துக்க முடியாது. மார்க் இல்லாததுல இன்னொரு லாபம் என்னன்னா சுவர் கோணலா வந்தா யாரும் அதை மறைக்க மாட்டாங்க, இடிச்சுட்டு மறுபடி கட்டுவாங்க. ஸ்டூடியோல டிசைனுக்கு மார்க் போட வர்ற ஜூரிக்கு முன்னாடி தப்பை மறைக்கத்தான நமக்குப் பழக்கம்.

பர்மிஷனுக்கு ஒரு பக்க லெட்டர் போதும். இதெல்லாம் பில்டிங் பசங்க வேலையா, நாம டிசைனர்ஸ் இல்லயான்னு எச்ஓடி இழுத்தா பழைய கதையக் கொஞ்சம் சொல்லுங்க: 1919ல ஜெர்மனில ஆரம்பிச்ச பௌஹௌஸ்ங்கிற டிசைன் ஸ்கூல்ல ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு கலைஞரையும் ஒரு கைவேலைக்காரரையும் சேர்த்து ரெண்டு பேரா வாத்தியார் போட்டாங்க, யேல் யுனிவர்சிட்டில 1967லருந்து மாஸ்டர்ஸ் ஃபர்ஸ்ட் இயர் பசங்க நிஜமாவே ஒரு கட்டடம் கட்டுறாங்க, அமெரிக்காவுல அலபாமால ஆபர்ன் யுனிவர்சிட்டியோட ரூரல் ஸ்டூடியோ 1993லருந்து கிராமத்து ஜனங்களுக்கு ஸ்டூடண்ட்ஸ வச்சே வீடு கட்டிக் குடுக்குது. இதெல்லாம் லெட்டர்ல ஒரு பாரா வந்தா சைன் சீக்கிரம் கிடைக்கும். ஆனா லெட்டர் காப்பி ஒண்ணை வாட்ச்மேன் கிட்டயும் குடுங்க. எங்க மொத வொர்க்‌ஷாப்ல கல்லு வண்டி கேட்ல ரெண்டு மணி நேரம் நின்னுச்சு, எச்ஓடி சைன் பண்ணது வாட்ச்மேன் அண்ணனுக்குத் தெரியாது, அவர் மேல தப்பே இல்ல.

இடம், கேன்டீன் பின்னாடியோ பார்க்கிங் ஓரமோ, தண்ணிக் குழாய் பக்கத்துல இருக்கணும், மரநிழல் இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. தரை கெட்டியா இருக்கணும். ஐப்பசி கார்த்திகைல வைக்காதீங்க, மண் சாந்துல வேலை பண்றப்ப ஒரு மழை வந்தா மொத்தமும் போச்சு. தை மாசிதான் நல்ல நேரம். சித்திரைல வச்சே தீரணும்னா காலைல ஆறரைக்கு ஆரம்பிச்சு பதினொண்ணுக்கு நிறுத்திட்டு சாயங்காலம் நாலுக்கு மறுபடி ஆரம்பிங்க, மேஸ்திரிங்களுக்கு வெயில் பழக்கம், நமக்குக் கிடையாது.

எதுக்கு மண் சாந்து, சிமெண்ட் ஏன் வேண்டாம்னு கேப்பீங்க. சிமெண்ட்ல கட்டினா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்தச் சுவரை என்ன பண்றது? இடிச்சா கல்லும் போச்சு, குப்பை அள்ள ஆள் வேணும், அடுத்த தடவை காலேஜ் பர்மிஷனே தராது. மண்ணுல கட்டினா கையாலயே பிரிக்கலாம், கல்லு திரும்பக் கிடைக்கும், மண்ணை மறுபடி ஊறப் போடலாம். சிமெண்ட்டும் சுண்ணாம்பும் கைத் தோலை அரிக்கும், வெறுங்கையோட ரெண்டு நாள் அளையவே முடியாது. மண்ணுல அந்த பயம் இல்ல. சுண்ணாம்பு வேலை கத்துக்கணும்னா அது தனி வொர்க்‌ஷாப், சுட்ட சுண்ணாம்புல தண்ணி ஊத்தினா கொதிச்சுத் தெறிக்கும், கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து, தெரிஞ்ச ஆள் இல்லாம அதைத் தொடவே தொடாதீங்க.

சாமான் கணக்கு. 600 கல் சொன்னேன்ல, ஒரு கல்லு கிட்டத்தட்ட 3 கிலோ, அப்ப 1800 கிலோ. எங்க பசங்க ஒருத்தன் இதைக் கணக்குப் போடாம ஒரே ஒரு குட்டியானை புக் பண்ணிட்டுக் காளவாசலுக்குப் போய் நின்னான், அது தாங்குறதே முக்கால் டன்தான், டிரைவர் அண்ணன் சிரிச்சுட்டு "மூணு நடை அடிக்கணும் தம்பி, சரியா?"ன்னு கேட்டிருக்கார். எடைங்கிற விஷயம் அவனுக்கு வொர்க்‌ஷாப் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே புரிஞ்சு போச்சு! மண்ணு ஒரு 15 கன அடி இருந்தா போதும், யூனிட் கணக்குல கேட்டீங்கன்னா 100 கன அடி வந்து எறங்கும், அப்புறம் அதை வச்சு என்ன பண்ணுவீங்க. கரணை மூணு, ரசமட்டம் ஒண்ணு, தூக்குக்குண்டு மூணு, மூலைமட்டம், நூல்கண்டு, பாண்டு ஆறு, மம்பட்டி ரெண்டு, சல்லடை, ஒரு 30 அடி ட்ரான்ஸ்பரண்ட் ட்யூப். கரணை ரசமட்டம் எல்லாம் மேஸ்திரி கிட்டயே இருக்கும், ஆனா அவரோட சொந்தக் கரணைய வாங்கி ஆளாளுக்குப் போட்டு அடிக்காதீங்க, அது அவர் கைக்குப் பழகின சாமான்.

இப்ப மேஸ்திரி. இதுதான் எல்லாத்தவிட முக்கியம், இதைத்தான் நாங்க மொத தடவை சொதப்பினோம். காலைல ஒன்பதுலருந்து பதினொன்றரை வரைக்கும் ப்ரொஜெக்டர் வச்சு செங்கல் வரலாறு சொன்னோம், அவர் பின்னாடி பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து டீ குடிச்சுட்டே இருந்தார், மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் பாதி பேர் கெளம்பிட்டாங்க. அடுத்த தடவை தலைகீழா மாத்தினோம். ஸ்லைடே கிடையாது. வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி ரெண்டு பேர் அவர் வேலை பாக்குற சைட்டுக்குப் போய் நின்னு பேசிட்டு வந்தாங்க, என்ன கட்டப் போறோம், பசங்களுக்கு என்ன தெரியாதுன்னு சொல்லிட்டு வந்தாங்க. கூலி என்னன்னு கேட்டு அந்த ஊர்ல ஓடுற முழுக் கூலி, அதோட சொல்லிக் குடுக்குறதுக்குன்னு தனியா கொஞ்சம். படிக்கிற பசங்கதானேன்னு அவர் கொறைச்சுக்கிட்டாலும் நீங்க கொறைக்காதீங்க, கெஸ்ட் லெக்சர் குடுக்க வர்ற ஆர்க்கிடெக்ட்டுக்கு கவர் குடுக்குறோம்ல. முடிஞ்சா ஒரு சித்தாளையும் கூப்பிடுங்க, கலவை பதம் பத்தி கொத்தனார விட அந்த அக்காவுக்கு நல்லாவே தெரியும், எங்க வொர்க்‌ஷாப்ல பசங்க அதிகமா கேள்வி கேட்டது அவங்க கிட்டதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே மண்ணைச் சலிச்சு ஊறப் போட்டுடணும். அதுக்கு முன்னாடி மண்ணு சரியான்னு பாக்க ஒரு சின்ன டெஸ்ட்: கண்ணாடி பாட்டில்ல கால்வாசி மண்ணு, மிச்சம் தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு, நல்லா குலுக்கி வச்சிடுங்க. மணல் ஒரு நிமிஷத்துக்குள்ள அடியில உக்காந்துடும், வண்டல் அதுக்கு மேல, களி முழுசா படிய ஒரு நாள் ஆகும். மூணு அடுக்கையும் ஸ்கேல் வச்சு அளந்தா எது எவ்வளவுன்னு தெரியும். களி ஜாஸ்தியா இருந்தா காஞ்சதும் வெடிக்கும், மணல் சேருங்க. இந்த டெஸ்ட்ட வியாழக்கிழமையே பண்ணி அந்த பாட்டில வொர்க்‌ஷாப் இடத்துலயே வையுங்க, யாராவது தூக்கிக் குலுக்காம பாத்துக்கோங்க (கண்டிப்பா ஒருத்தன் குலுக்குவான்).

சனிக்கிழமை காலைல மொத வேலை கட்டுறது இல்ல. ஒரு ட்ராயிங்க மேஸ்திரி கையில குடுங்க, பசங்கள்ல யாரோ ஒருத்தர் செமஸ்டர்ல வரைஞ்ச ஒரிஜினல் ஷீட். அவர் என்னென்ன கேக்குறாரோ அத்தனையும் போர்டுல எழுதுங்க, பதில் சொல்லாதீங்க. "இந்த அளவு பூச்சோடயா, பூச்சு இல்லாமயா?" "இது கல் மட்டமா, தரை முடிச்ச மட்டமா?" "மூலைல முக்கால் கல் வைக்கவா, அரைக்கல்லா?" அவர் கேக்குற ஒவ்வொரு கேள்வியும் அந்த ஷீட்ல இல்லாத ஒரு விஷயம். எங்க பசங்க ஷீட்டுக்கு 14 கேள்வி வந்துச்சு, அந்த ஷீட் ஏ க்ரேடு வாங்கின ஷீட்.

அப்புறம் கல்ல அளக்க விடுங்க. பத்துக் கல்ல நீளவாக்குல வரிசையா வச்சு டேப் பிடிக்கணும், அடுத்து அகலம், அடுத்து உயரம். நாம வரையுறப்ப 230, 115, 75 மில்லின்னு கண்ண மூடிட்டுப் போடுறோம். நாட்டுக் கல்ல அளந்து பாருங்க, ஒண்ணுக்கொண்ணு அஞ்சு மில்லி எட்டு மில்லி மாறும், சூளைல நெருப்புக்குப் பக்கத்துல இருந்தது சுருங்கி இருக்கும், தள்ளி இருந்தது பெருசா இருக்கும். அந்த வித்தியாசத்தை எல்லாம் விழுங்குறதுதான் சாந்தோட பாதி வேலை. இதை அரை மணி நேரத்துல முடிச்சிடலாம், ஆனா அவசரப்படுத்தாதீங்க.

அடுத்து மட்டம் எடுக்குறது. ட்யூப்ல தண்ணி ஊத்தி காத்துக் குமிழி இல்லாம பாத்து ரெண்டு பேர் ரெண்டு முனையப் புடிச்சா 20 அடி தள்ளி இருக்குற ரெண்டு எடத்துல ஒரே மட்டம் கெடச்சிடும். மூலை சரி பண்ண நூல்ல 3 அடி, 4 அடி, குறுக்க 5 அடி. பிதாகரஸ் தியரம்னு எட்டாங்கிளாஸ்ல படிச்சது இதான்னு அப்பதான் சில பேருக்கு உறைக்கும், பாக்கவே ஜாலியா இருக்கும்.

இப்ப சுவர். மூணு டீம், ஆளுக்கு 5 அடி நீளம் 3 அடி உயரம். ஒரு டீம் சாதாரண 9 அங்குல இங்கிலிஷ் பாண்ட், மத்த ரெண்டு டீம் ரேட் ட்ராப் பாண்ட். அதாங்க எலிப்பொறி, கல்ல படுக்க வைக்காம ஓரமா நிமித்தி வச்சு, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கல்லு, நடுவுல 3 அங்குலம் காலி, குறுக்க ஒரு கல்லுன்னு மாத்தி மாத்திப் போறது. கம்மி செலவுல வீடு கட்டுறதுக்குப் பேர் போன ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் திருவனந்தபுரத்துல உக்காந்துகிட்டு கேரளா முழுக்க கொண்டு போனது இதத்தான், அவரும் சேர்ந்து 1985ல ஆரம்பிச்ச காஸ்ட்ஃபோர்டுங்கிற அமைப்பு இன்னிக்கும் அதே வழில கட்டிட்டு இருக்கு. எதுக்கு இதைச் செலக்ட் பண்ணச் சொல்றேன்னா, இதுல கல்லக் கையில வச்சு யோசிக்காம ஒரு வரி கூட ஏத்த முடியாது, மூலைல என்ன வரும், ஜன்னல் ஓரத்துல காலி இடத்த எப்படி மூடுறதுன்னு ஒவ்வொண்ணும் முடிவெடுக்கணும்.

கணக்கு பசங்களையே போடச் சொல்லுங்க. சாதாரணச் சுவர்ல ஒரு சதுர அடிக்கு 9 கல் ஆகும், எலிப்பொறில 7 கூட முழுசா ஆகாது. 25 சதவீதம் மிச்சம்னு எல்லா எடத்துலயும் எழுதியிருப்பாங்க. ஆனா கட்டி முடிச்சு எண்ணினா அந்த அளவு மிச்சம் வராது, ஏன்னா அடி வரியும் மேல் வரியும் காலி விடாம அடைச்சுக் கட்டணும், ரெண்டு ஓரமும் அடைக்கணும். 15 சதுர அடிச் சுவருக்கு அங்க 135 கல்லுன்னா இங்க 110 கிட்ட வந்து நிக்கும். சின்னச் சுவர்ல மிச்சம் கம்மி, நீளமான சுவர்ல ஜாஸ்தி. இத ஒரு வாத்தியார் சொல்லிக் கேட்டா நோட்ல ஒரு வரி. கல்ல எண்ணித் தெரிஞ்சுக்கிட்டா அடுத்து எஸ்டிமேட் போடுறப்ப தன்னால கை நிக்கும்.

தப்பு எங்க நடக்கும்னு சொல்லிடுறேன். எல்லாரும் நடுவுல இருக்குற சந்துல சாந்த ரொப்பிடுவாங்க, பாவம் பழக்க தோஷம். மூணு அங்குல அகலத்துல ஒரு பலகைத் துண்ட அந்தச் சந்து மேல வச்சுட்டு ரெண்டு பக்கமும் சாந்து போட்டுட்டு பலகைய நகத்திட்டே போகணும். அடுத்தது, கல்ல நனைக்காம வைக்கிறது, காஞ்ச கல்லு சாந்துல இருக்குற தண்ணிய உறிஞ்சிடும், பிடிக்காது. மூணாவது, தூக்குக்குண்டு விட்டுப் பாக்காம நாலு வரி ஏத்திட்டு அப்புறம் பாத்து தலைல கை வைக்கிறது. மூணாவது தப்ப மேஸ்திரி கண்டுக்காத மாதிரி இருப்பார், வேணும்னேதான், நீங்களும் வாயத் தொறக்காதீங்க.

இன்னொண்ணு, இந்தச் சுவரப் பாத்து நிறைய கொத்தனாருங்க "உள்ள ஓட்டையா? தாங்குமா?"ன்னு கேப்பாங்க. இது நல்ல சண்டை, நடக்கட்டும். காலி இடம் இருக்குறதால வெப்பம் உள்ள வர்றது கம்மி, வயரிங் பைப்ப சுவரக் கொத்தாம உள்ளயே எறக்கிடலாம், தேவைப்பட்டா மூலைல கம்பி விட்டு கான்கிரீட் போடலாம். அதே சமயம் குறுக்குக் கல்லு வழியா மழை ஈரம் உள்ள வரும், மேற்குச் சாரல் அடிக்கிற சுவர்ல பாத்துதான் போடணும்னு அவர் சொன்னா அதுவும் சரிதான். எங்க மேஸ்திரி மத்தியானம் வரைக்கும் ஒத்துக்கல, மிச்சம் கிடந்த கல்ல எண்ணினதுக்கு அப்புறம் ஒரு பீடியப் பத்த வச்சுட்டு கொஞ்ச நேரம் பேசாம அந்தச் சுவரயே பாத்துட்டு நின்னார்.

ஞாயித்துக்கிழமை வளைவு. ஒரு நாய்ச் சங்கிலி வாங்குங்க, ரெண்டு ஆணில 3 அடி இடைவெளி விட்டுத் தொங்க விடுங்க, 2 அடி எறங்குற மாதிரி. அது தொங்குற வடிவத்த அட்டைல வரைஞ்சு தலைகீழா திருப்பினா அதுதான் உங்க வளைவு. சங்கிலில முழுக்க இழுவிசை மட்டும், திருப்பினா முழுக்க அமுக்குவிசை மட்டும், இதை 1675ல இங்கிலாந்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக் சொல்லிட்டுப் போனார், ஸ்ட்ரக்சர் க்ளாஸ்ல ஒரு மணி நேரம் எடுத்த பாடம் சங்கிலில அஞ்சு நிமிஷம். அந்த வடிவத்துல ரெண்டு ப்ளைவுட் வெட்டி நடுவுல ரீப்பர் (மரச் சட்டம்) அடிச்சா சென்ட்ரிங் ரெடி, அதாவது வளைவு தானா நிக்கிற வரைக்கும் கல்லத் தாங்குற அச்சு. அதை நேரா தரைல வைக்காதீங்க, ரெண்டு பக்கமும் ஆப்பு வச்சு அது மேல நிக்க வைங்க, அப்பதான் அப்புறம் எறக்க முடியும். ஆப்பு வைக்க மறந்த ஒரு வருஷம் சென்ட்ரிங்க உருவ முடியாம கடைசில வளைவையே பிரிச்சோம்.

ரெண்டு கால்லருந்தும் ஒரே நேரத்துல ஏத்திட்டு வரணும், ஒரு பக்கம் மட்டும் ஏத்தினா சென்ட்ரிங் சாஞ்சிடும். சுமார் 20 கல்லு ஆகும், நடுக்கல்லு கடைசில. எல்லாரும் மறக்குறது கால் ரெண்டும் வெளிய தள்ளும்ங்கிறத. ஓரத்துல கல்ல அடுக்கி வெயிட் வைக்கணும், எவ்வளவு வைக்கணும்னு பசங்களே சொல்லட்டும். அப்புறம் ஆப்ப மெதுவா தட்டி சென்ட்ரிங்க ஒரு அங்குலம் எறக்குறப்ப அத்தன பேரும் மூச்ச புடிச்சுட்டு நிப்பாங்க. நின்னுடும். நின்னதும் எவனாவது மேல ஏறி நிக்கப் பாப்பான், விடாதீங்க, கல்லு கல்லா மேல அடுக்கி எத்தனை தாங்குதுன்னு எண்ணுங்க, 3 கிலோ கணக்கு தெரியும்ல. இந்த வேலைல எல்லாரும் ஷூ போட்டிருக்கணும், வளைவுக்கு அடில யாரும் தலைய விடக் கூடாது, சுவர் எதையும் 3 அடிக்கு மேல ஏத்தக் கூடாது. முதலுதவிப் பெட்டி ஒண்ணு, குடி தண்ணி நெறைய, பொண்ணுங்களுக்கு ஞாயித்துக்கிழமையும் டாய்லெட் தொறந்திருக்கணும், அந்தச் சாவி யார்கிட்ட இருக்குன்னு வெள்ளிக்கிழமையே கேட்டு வச்சுக்கோங்க.

மண் வேலைல இன்னும் போகணும்னு தோணுச்சுன்னா ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட்ல அழுத்தின மண் கல்லு, வளைவுக் கூரைன்னு குறுகிய காலக் கோர்ஸ் நடக்கும். ஆனா அங்க போறதுக்கு முன்னாடி நம்ம பார்க்கிங் ஓரத்துல ஒரு சுவர் கட்டிட்டுப் போனா அங்க கேக்குற கேள்வியே வேற மாதிரி இருக்கும்.

பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை. மொபைல எல்லாம் ஒரு பையில போடச் சொல்லிட்டு, சுவருக்கு முதுகக் காட்டி உக்காந்து, கட்டின சுவரோட மூலைய செக்‌ஷனும் பிளானும் ஞாபகத்துலருந்து வரையச் சொல்லுங்க, ஸ்கேல் வேண்டாம், ஒரு கல்லு ஒரு கல்லா. இருபது நிமிஷம். அதை மேஸ்திரி கிட்ட குடுத்து மறுபடி கேள்வி கேக்கச் சொல்லுங்க. 14 கேள்வி 3 ஆச்சுன்னா உங்க வொர்க்‌ஷாப் நல்லா நடந்திருக்கு. 10 வந்தா அடுத்த தடவை பேச்சக் கொறச்சு கட்டுற நேரத்தக் கூட்டுங்க.

அப்புறம் கூலிய க்ரூப் ஃபோட்டோவுக்கு முன்னாடியே குடுத்துடுங்க, ஆறு மணிக்கு மேல காசாளர்கிட்ட வாங்கிக்கலாம்னு இழுக்குற வேலையெல்லாம் வேண்டாம். சுவர மேலருந்து வரி வரியா பிரிங்க, தள்ளி விடாதீங்க, தள்ளினா நூறு கல்லு ஒடையும், எடுத்தா இருபதுதான். கல்லுல ஒட்டின மண்ண ஈரமா இருக்கப்பவே சுரண்டி அம்பது அம்பதா அடுக்கிடுங்க, மண்ணக் குமிச்சு தார்ப்பாய் போட்டு மூடிடுங்க. கல்லு இருக்குற இடத்தையும் எண்ணிக்கையையும் ஜூனியர் ஒருத்தன் நோட்ல எழுதிக் குடுத்துடுங்க, இல்லன்னா அடுத்த வாரம் யாராவது அத பைக் ஸ்டாண்டுக்கு முட்டுக் குடுக்க எடுத்துட்டுப் போயிடுவாங்க.